சொகுசுக் காருக்குள் ஏன் இத்தனை இரைச்சல்? பாவித்த ஆடம்பர வாகனங்களின் ஓசையும் குலுக்கலும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தபோதும், புதிய வாகனங்களின் மீது விழும் வரிச்சுமை காரணமாக, கொழும்பில் ஆடம்பரக் கார் வாங்க நினைக்கும் பலரின் கண் இன்னும் பாவித்த வாகனங்களின் மீதே இருக்கிறது. பத்து வருடம் ஓடிய ஒரு பி.எம்.டபிள்யூ 5 தொடரையோ பென்ஸ் ஈ வகுப்பையோ வாங்கி, முதல் வாரத்திலேயே அதிவேக நெடுஞ்சாலையில் ஏற்றிப் பார்ப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுதான்: விற்றுவிட்டு வந்த பழைய கொரொல்லாவை விட இதற்குள் டயர் இரைச்சல் அதிகமாகக் கேட்கிறது; ஒழுங்கைக்குள் திரும்பினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரிகிறது.

இந்த முறைப்பாடு பெரும்பாலும் உண்மையானது. ஆனால் அதற்கான காரணம், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பதிலோ அந்த நிறுவனத்தின் பெயர் வெறும் பெயர் என்பதிலோ அரிதாகவே முடிகிறது. ஆடம்பரக் காரின் அமைதியைத் தாங்கி நிற்பவை இறப்பர், நுரை, கம்பளித் தகடு, பசை ஆகிய ஆயுள் குறைந்த பொருட்கள். எஞ்சினும் தோல் இருக்கைகளும் நன்றாக இருக்கும்போதே இவை முதுமையடைந்துவிடுகின்றன. வாகனம் கைமாறும்போது எவரும் பார்க்காதவையும் இவைதான். எந்தப் பொருள் எந்த ஓசையைத் தடுக்கிறது என்று தெரியாமல் செலவு செய்யத் தொடங்கினால், பெரும்பாலும் தவறான இடத்திலேயே பணம் போய்ச் சேரும்.

ஓசை உள்ளே வரும் இரண்டு வழிகள்

காருக்குள் கேட்கும் ஓசைக்கு மூலங்கள் மூன்று: எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒன்று, காரின் உடலை உரசிச் செல்லும் காற்று மற்றொன்று, வீதியில் உருளும் டயர் மூன்றாவது. நகரத்துக்குள் மெதுவாக ஊரும்போது எஞ்சின் முன்னிற்கும். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் டயர் மேலோங்கும். நூறுக்கு மேல் போகப் போகக் காற்றின் பங்கு கூடும். நமது அதிவேக நெடுஞ்சாலைகளின் உச்ச வேகம் 100 கிலோமீற்றர் என்பதால், கொழும்பு வாகன உரிமையாளரின் வாழ்க்கையில் பெரும்பகுதி டயர் ஆளும் எல்லைக்குள்ளேயே கழிகிறது.

டயரில் பிறக்கும் ஓசை இரண்டு வழிகளில் காதை அடைகிறது.

1. காற்றுவழி ஓசை: டயரின் பள்ளங்களுக்குள் காற்று நசுங்கி வெளியேறுவதாலும், இறப்பர்க் கட்டிகள் வீதியில் அடிப்பதாலும் எழும் "ஸ்" என்ற ஓசை. இதன் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை, பொதுவாக 500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டது. கண்ணாடி, கதவு இறப்பர், சில்லுக்கு மேலுள்ள வளைவு ஆகியவற்றின் ஊடாக இது நுழையும்.

2. உடல்வழி ஓசை: வீதியின் கரடுமுரடு டயரை அதிர வைக்கிறது. அந்த அதிர்வு ரிம், அச்சு, சஸ்பென்ஷன் கைகள், அவற்றின் முனைகளிலுள்ள இறப்பர் புஷ்கள் வழியாகக் காரின் உடலில் ஏறுகிறது. அடித்தகடு தவில் தோல் போல அதிர்ந்து, "ஊம்" என்ற கனத்த முழக்கமாக அதை உள்ளே விடுகிறது. இது 500 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது. காதில் கேட்பதோடு பாதத்திலும் இருக்கையிலும் உணரப்படும்.

இந்தப் பிரிவு வெறும் பாடப்புத்தக விடயம் அல்ல. காற்றுவழி ஓசைக்குக் கண்ணாடியும் கதவு இறப்பரும் மருந்தாகலாம். உடல்வழி ஓசைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. கதவு இறப்பர் நான்கையும் மாற்றிவிட்டு "ஒன்றும் குறையவில்லை" என்று சொல்பவர், பெரும்பாலும் இரண்டாவது வகை ஓசைக்கு முதலாவதின் மருந்தைக் கொடுத்திருப்பார்.

அமைதியான காரில் டயர் ஏன் கூடுதலாகக் கேட்கிறது

ஒரு ஓசை மற்றொன்றை மூடிவிடுவதை ஒலியியலில் மறைப்பு என்பார்கள். சாதாரணக் காரில் எஞ்சின் இரைச்சலும் காற்றின் ஓசையும் டயரின் ஓசையை மூடிவிடுகின்றன. 1989இல் லெக்சஸ் எல்எஸ் 400 வெளிவந்த பிறகு, எஞ்சினையும் காற்றையும் அடக்குவதில் ஆடம்பரக் கார் நிறுவனங்களுக்கிடையே பெரும் போட்டியே நடந்தது. அவை இரண்டும் அடங்கியபோது, அடக்குவதற்கு மிகக் கடினமான டயர் ஓசை தனித்து நின்றது. ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட் வாகனங்களில் இது இன்னும் வெளிப்படை. எஞ்சின் நின்றபடி மின்சாரத்தில் ஓடும்போது டயரை மூட எதுவுமே இல்லை. ஆகவே ஏமாற்றத்தின் ஒரு பகுதி பழுது அல்ல. முன்பும் இருந்த ஓசை முதன்முறையாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

இங்கே அளவீடு பற்றியும் ஒரு வார்த்தை. தொலைபேசிச் செயலியில் டெசிபெல் பார்த்து "இரண்டு காரும் ஒரே அளவுதான்" என்று முடிவுக்கு வருவோர் உண்டு. டெசிபெல் மடக்கை அளவுகோல்: 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். அத்தோடு, செயலிகள் பெரும்பாலும் "ஏ" நிறையளிப்பு முறையில்தான் காட்டுகின்றன. இந்த முறை 1000 ஹேர்ட்ஸ் ஓசையை அப்படியே கணக்கில் எடுத்து, 200 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 11 டெசிபெலையும், 100 ஹேர்ட்ஸில் 19 டெசிபெலையும், 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபெலையும் கழித்துவிடுகிறது. மாத்தறை வரை போய் இறங்கும்போது தலையைக் கனக்க வைப்பது அந்தக் கீழ் மீடிறன் முழக்கமே. செயலி பெரிதும் கழித்துவிடுவதும் அதையேதான். ஒரே தொலைபேசியை ஒரே இடத்தில் வைத்து, டயர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு மட்டுமே இந்த எண்கள் உதவும்.

குலுக்கல் என்று சொல்வதில் மூன்று விடயங்கள் கலந்திருக்கின்றன

1. உடலின் ஆட்டம்: ஸ்பிரிங்கின் மேல் காரின் உடல் மேலும் கீழும் மிதப்பது. செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை வரையான இந்த மெதுவான அசைவை மனித உடல் எளிதில் பொறுத்துக்கொள்கிறது. ஆடம்பரம் என்று நாம் உணர்வதில் பாதி இதுதான்.

2. நடுத்தரக் குலுக்கல்: நிலைக்குத்தான அதிர்வில் மனித உடலுக்கு மிகவும் ஆகாதது ஏறத்தாழ 4 முதல் 8 ஹேர்ட்ஸ் வரையான பகுதி. முழு உடல் அதிர்வு பற்றிய ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலையும் இந்தப் பகுதிக்கே அதிக நிறை கொடுக்கிறது. ஸ்பிரிங் விறைப்பாகவும், அதன் ஆட்டத்தைத் தணிக்கும் ஷொக் அப்சோபர் இறுக்கமாகவும் இருந்தால் இங்கே கூடுதலாக உணரப்படும். சில்லு தானாகவே துள்ளும் மீடிறன் இதற்குச் சற்று மேலே, 10 முதல் 15 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது.

3. அடி: குழியின் விளிம்பிலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறும்போது "டக்" என்று விழுவது. இது ஸ்பிரிங் அசைவதற்கு நேரம் கிடைக்கும் முன்னரே நிகழ்ந்து முடிந்துவிடும். இதை உள்வாங்க வேண்டியவை டயரின் பக்கச்சுவரும் இறப்பர் புஷ்களும்.

கொழும்பின் உள்வீதிகளில் ஓட்டம் மணிக்கு 30, 40 கிலோமீற்றர்தான். நீர்க்குழாய்க்குத் தோண்டி மூடிய ஒட்டுகள், வீதி மட்டத்துக்குக் கீழிறங்கிய மேன்ஹோல் மூடிகள், இன்டர்லொக் கல் பதித்த ஒழுங்கைகள், நாரஹேன்பிட்டிப் பக்கம் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையின் கடவைகள் என்று, அங்கே சந்திப்பதெல்லாம் மூன்றாவது வகை அடிகள். "கம்ஃபர்ட் மோட் போட்டும் அடிக்கிறதே" என்ற குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது. சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை அந்தப் பொத்தான் பெரும்பாலும் ஷொக் அப்சோபரின் இறுக்கத்தை மட்டுமே மாற்றுகிறது. முதல் இரண்டு வகைகளை அது தொடும். டயரின் பக்கச்சுவரை எந்தப் பொத்தானாலும் மென்மையாக்க முடியாது.

டயர்: முதலில் பார்க்க வேண்டியதும் அதிகம் பார்க்க வேண்டியதும்

அனுபவமுள்ள டயர்க் கடைக்காரர் காரை ஜக்கில் ஏற்றும் முன்னரே குனிந்து பக்கச்சுவரை வாசிப்பார். அங்கே டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் இறப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெப்பத்தாலும் ஒட்சிசனாலும் கடினமாகிக்கொண்டே போகும். நமது காலநிலையில் அது விரைவாக நடக்கிறது. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதற்காக டயர் "புதுசு" என்று விளம்பரத்தில் எழுதப்படும். ஆனால் கடினமான இறப்பர் வீதியின் ஒவ்வொரு கல்லையும் ரிம்முக்குக் கடத்தும். 2022இல் எரிபொருள் கியூஆர் ஒதுக்கீட்டுக் காலத்தில் மாதக்கணக்கில் நகராமல் நின்ற பெரிய எஞ்சின் கார்கள் பல. அத்தகைய காரில் கிலோமீற்றர் குறைவு என்று மகிழ்வதற்கு முன், அந்த இலக்கங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே நிலையில் நீண்ட காலம் நின்ற டயரின் தொடுபரப்பு நிரந்தரமாகத் தட்டையாகிவிடவும் கூடும். அது வேகத்தோடு சேர்ந்து அதிகரிக்கும் "டுக்டுக்" ஓசையாக வெளிப்படும்.

தேய்மானத்தின் வடிவம் அடுத்தது. டயரின் உள்விளிம்பில், இறப்பர்க் கட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்து சில்லு சுழலும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் கை தடைப்பட்டால், கட்டிகள் மரம் அரியும் வாளின் பற்கள் போலச் சரிந்து தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சில்லுகள் நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ட், பிசகினாலும் ஷொக் அப்சோபர் தளர்ந்தாலும் இப்படித் தேயும். முன்னும் பின்னும் வெவ்வேறு அகல டயர் போட்ட கார்களில் அவற்றை முன்பின்னாக மாற்றிப் போட முடியாது என்பதால் பின் டயர்களில் இது சாதாரணம். எழும் ஓசையோ சில்லுப் பெயரிங் தேய்ந்ததைப் போலவே இருக்கும். நல்ல பெயரிங் பல இந்தக் குழப்பத்தில் வீணாக மாற்றப்படுகின்றன. வேறுபடுத்துவது எளிது: வீதியின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயர், மேற்பரப்பு எதுவானாலும் அப்படியே இருந்து, நீண்ட வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடினாலோ குறைந்தாலோ பெயரிங்.

டயருக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒரு குரல் உண்டு. ரிம்முக்கும் இறப்பருக்கும் இடையிலுள்ள வளையம் போன்ற காற்று, தன் சராசரிச் சுற்றளவுக்கு ஏற்ற மீடிறனில் பரிவுறும். 225/55 ஆர்17 அளவுள்ள டயருக்கு அந்தச் சுற்றளவு ஏறத்தாழ 1.75 மீற்றர், ஒலியின் வேகத்தை அதனால் வகுத்தால் 200 ஹேர்ட்ஸ் அளவு வருகிறது. பாலத்தின் இணைப்பிலோ குழியிலோ விழும்போது கேட்கும் வெண்கல ஒலி இதுவே. இதை அடக்கத்தான் கொன்டினென்டல், மிஷெலின், பிரெல்லி போன்ற நிறுவனங்கள் சில டயர்களின் உட்புறத்தில் நுரைப்பட்டை ஒட்டுகின்றன. தொழிற்சாலையில் அத்தகைய டயரோடு வந்த காருக்கு, பின்னர் அதே அளவில் நுரையற்ற டயர் போடப்பட்டிருந்தால், வித்தியாசம் நிச்சயமாகத் தெரியும். பக்கச்சுவரில் உள்ள நட்சத்திரக் குறி பி.எம்.டபிள்யூவுக்கும், எம்.ஓ. பென்ஸுக்கும், ஏ.ஓ. அவுடிக்கும் என்று, அந்தந்த நிறுவனம் தன் காருக்காகச் சோதித்து ஏற்றுக்கொண்ட டயர்களின் அடையாளங்கள். அவை கட்டாயமல்ல, ஆனால் நான்கு சில்லிலும் நான்கு வகை டயர் இருக்கும் காரின் அமைதியைப் பற்றிப் பேசுவதே வீண்.

ரன்-ஃப்ளாட் டயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று முற்றாகப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் பொதுவாக 80 கிலோமீற்றர் தூரம் வரை ஓடக்கூடியதாக, பக்கச்சுவர் தடித்த இறப்பரால் வலுப்படுத்தப்பட்ட டயர் இது. காற்று இல்லாதபோது காரைத் தாங்கும் அந்தச் சுவர், காற்று இருக்கும்போதும் விறைப்பாகவே நிற்கிறது. மூன்றாவது வகை அடியை உள்வாங்க வேண்டிய முதல் பாகம் அப்படியே செயலிழந்துவிடுகிறது. கொழும்புக்குள் மட்டும் ஓடும் காருக்கு இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு சந்தியிலும் பஞ்சர் ஒட்டும் கடை இருக்கிறது. சாதாரண டயருக்கு மாறினால் உள்வீதியில் கிடைக்கும் மென்மை, வேறு எந்தத் தனிச் செலவிலும் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் கார்களில் பெரும்பாலும் மேலதிகச் சில்லு வைக்க இடமே விட்டிருக்காது. இரவில் அதிவேக நெடுஞ்சாலையில் டயர் போனால் காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும். மாற்றுவதென்றால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று விட்டால் கார் வளைவில் நடந்துகொள்ளும் விதம் கெடும்.

இன்னொரு பரவலான தவறு ஐரோப்பிய டயர் முத்திரை பற்றியது. 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்து 2021 மேயில் புதுப்பிக்கப்பட்ட அந்த முத்திரையிலுள்ள டெசிபெல் எண், காருக்குள் கேட்கும் ஓசையைக் குறிப்பதல்ல. எஞ்சினை நிறுத்தி உருளவிட்ட காரின் பக்கத்தில், 7.5 மீற்றர் தூரத்திலுள்ள ஒலிவாங்கியில், 80 கிலோமீற்றர் வேகத்துக்குப் பதிவாகும் வெளி ஓசை அது. வீதியோரம் வசிப்பவருக்காக வகுக்கப்பட்ட எண். உள்ளே முழங்கும் 200 ஹேர்ட்ஸைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

காற்றமுக்கம் செலவே இல்லாத திருத்தம் என்பதால் எவரும் மதிப்பதில்லை. சாரதியின் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள ஸ்டிக்கரில், சிலர் மட்டும் பயணிக்கும்போதும் முழுப் பாரத்தோடு பயணிக்கும்போதும் தேவையான அளவுகள் தனித்தனியே இருக்கும். முழுப் பாரத்துக்கான அளவை எப்போதும் அடித்து வைத்திருப்பதும், ஓடிச் சூடேறிய டயரை அளப்பதும் வழமையான தவறுகள். வெப்பநிலை ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை உயர அமுக்கம் 1 பி.எஸ்.ஐ. அளவு கூடும் என்பதால், காலையில், குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய ரிம்மும் "ஸ்போர்ட்" என்ற எழுத்தும்

2010 முதல் 2016 வரை விற்பனையான 5 தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வகைக்கு 225/55 ஆர்17. எம் ஸ்போர்ட் வகையில் விருப்பத் தெரிவாக வந்த 19 அங்குல ரிம்முக்கு முன்னால் 245/40, பின்னால் 275/35. முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் 17 அங்குலத்தில் சுவர் 124 மில்லிமீற்றர். 19 அங்குலத்தில் 98, பின்னால் 96. டயரின் வெளி விட்டம் கிட்டத்தட்ட மாறவில்லை. இழந்ததெல்லாம் காற்றும் இறப்பரும் நிற்கும் உயரம். அந்த 26 மில்லிமீற்றர்தான் வெள்ளவத்தை ஒழுங்கைக் குழிக்கும் ரிம்முக்கும் இடையில் நின்றிருக்க வேண்டியது. அகலம் கூடியதால் காற்றுவழி ஓசை கூடும்; பெரிய ரிம்மின் எடை கூடினால் ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள திணிவு கூடி, சில்லு துள்ளுவதும் கூடும்.

எம் ஸ்போர்ட், ஏ.எம்.ஜி. லைன், எஸ் லைன் போன்ற தோற்றப் பொதிகளோடு, சந்தையைப் பொறுத்து, தாழ்த்தப்பட்ட, விறைப்பான சஸ்பென்ஷனும் சேர்ந்தே வருவதுண்டு. ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் இந்தப் பொதிகளுக்கு நல்ல கேள்வி இருந்ததால், அங்கிருந்து ரீகண்டிஷன் வாகனமாக வந்தவற்றில் அவை நிறைய. நமது விளம்பரங்களில் "ஃபுல் ஒப்ஷன்" என்று விலை கூட்டிச் சொல்லப்படுவதும் இவையே. சொகுசு தேடுபவர், சொகுசைக் குறைக்கும் உபகரணத்துக்கு மேலதிகப் பணம் கொடுக்கும் விநோதம் இந்தச் சந்தையில் நாளாந்தம் நடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இறப்பர்கள்

சஸ்பென்ஷன் கைகள் காரின் உடலோடு இணையும் இடங்களில் உள்ள உருளை வடிவ இறப்பர்தான் புஷ். ஆடம்பரக் கார்களில் முன் கைகளின் புஷ் சிலவற்றுக்குள் எண்ணெய் போன்ற திரவம் நிரப்பப்பட்டிருக்கும். அடி விழும்போது அந்தத் திரவம் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு ஓடி அதிர்வைத் தணிக்கிறது. இறப்பர் வெடித்தால் திரவம் கசிந்து, கையின் மேல் கறுத்த ஈரப் படலமாகத் தெரியும். காரைத் தூக்கி, டோர்ச் அடித்து, ஒரு நெம்புகோலால் கையை மெல்ல அசைத்துப் பார்க்கும்போது வெடிப்பு வாய் திறந்து மூடுவதைக் காணலாம். இந்த நிலையில் கார் ஓடும், நேராகவும் போகும். ஆனால் உடல்வழி ஓசைக்குத் தடையே இருக்காது.

புஷ் மாற்றுவதில் ஒரு வேலைநுட்பம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. காரைத் தூக்கிய நிலையில் சில்லுகள் கீழே தொங்கும்போது புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் இறப்பர் முறுக்கப்பட்டபடியே நிற்கும். அதனால் அது விறைப்பாக நடந்துகொள்ளும். சில மாதங்களிலேயே கிழியவும் செய்யும். கார் தன் இயல்பான உயரத்தில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். "புதுப் புஷ் போட்டும் பழையபடிதான்" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும். வேலை செய்யும் கராஜ் பாஸிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம். நீண்ட காலம் உழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் பொலியூரிதேன் புஷ்கள் வளைவில் காரை உறுதியாக்கும். ஓசையையும் உறுதியாகவே உள்ளே கொண்டுவரும்.

ஷொக் அப்சோபரின் மேல்முனை இறப்பர், எஞ்சின் மவுண்ட், பின்புறச் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டகமான சப்ஃப்ரேமின் மவுண்ட் ஆகியவற்றுக்கும் இதே கதை பொருந்தும். பென்ஸ் 1998இல் எஸ் வகுப்பில் அறிமுகப்படுத்திய எயார்மெட்டிக் போன்ற காற்றுச் சஸ்பென்ஷன்களில் ஸ்பிரிங்கின் இடத்தில் இருப்பதே ஓர் இறப்பர்ப் பை. அது வெடித்தால் கார் ஒரே இரவில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். செலவைக் குறைக்க இரும்பு ஸ்பிரிங்குக்கு மாற்றப்பட்ட கார்களும் கைமாறுகின்றன. அத்தகைய கார் நன்றாக ஓடலாம். ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் மிதப்பு அதில் இல்லை.

கழற்றியவர் திருப்பிப் போடாதவை

சில்லு வளைவின் உட்புறத்தில் பல ஆடம்பரக் கார்களுக்கு வெறும் பிளாஸ்டிக் அல்ல, கம்பளி போன்ற தடித்த உறை இருக்கும். டயர் தெறிக்கும் நீரையும் கல்லையும் ஓசையையும் அது விழுங்கும். ஒரு சிறு விபத்துக்குப் பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைத்த பிளாஸ்டிக் உறை அதன் இடத்துக்கு வந்திருக்கலாம். எஞ்சினுக்கு அடியிலுள்ள தட்டு, ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிளிப்பை இழந்து, இறுதியில் கழற்றியே வைக்கப்பட்டிருக்கலாம். முன் கண்ணாடி உடைந்து மாற்றப்பட்டபோது, இரு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே ஓசை தணிக்கும் விசேட படலம் கொண்டதற்குப் பதிலாகச் சாதாரணமானது பொருத்தப்பட்டிருக்கலாம். மூலையில் அச்சிடப்பட்ட குறியை மற்றக் கண்ணாடிகளின் குறியோடு ஒப்பிட்டால் நிறுவனமும் வருடமும் மாறியிருப்பது தெரியும். ஜப்பானிய ஏல அறிக்கையில் 4.5 தரம் என்றிருப்பது, அந்த நாளில் உடலும் உட்புறமும் இருந்த நிலையைச் சொல்வது. இங்கே வந்தபின் கழன்றவற்றை அது அறியாது.

வாங்குமுன் சோதிக்கும் ஒழுங்கு

1. விற்பனை நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. கரடான மேற்பரப்பும் வழவழப்பான புதுக் காப்பெட்டும் அடுத்தடுத்து வரும் ஒரு பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையே ஓசை பெருமளவு மாறினால் டயரையும் புஷ்ஷையும் நோக்குங்கள். மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடினால் காற்று, கதவு இறப்பர், பெயரிங் ஆகியவற்றை நோக்குங்கள்.

2. களனி ஆற்றின் மேலுள்ள புதிய உயர்பாலம் போல, இணைப்புகள் வரும் பாலம் ஒன்றின் மேல் ஓட்டுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றை, மந்தமான அடி கேட்பது இயல்பு. அடியைத் தொடர்ந்து உலோகம் நடுங்குவது போன்ற இரண்டாவது ஓசை வந்தால் மேல்முனை இறப்பரோ புஷ்ஷோ போயிருக்கிறது.

3. பின் இருக்கையில் அமர்ந்து அதே பாதையைத் திரும்பப் போங்கள். சாரதி வைத்து ஓடும் வீட்டுக்கு இதுவே பிரதான சோதனை. பின் சில்லு வளைவுகள் பின் இருக்கையில் இருப்பவரின் தோளுக்கு அருகில் இருக்கின்றன. பெரும்பாலும் தேய்ந்த டயரும் அங்கேதான் இருக்கிறது. சாரதி ஆசனத்தில் மட்டும் அமர்ந்து வாங்கிவிட்டு, அம்மாவைப் பின்னால் ஏற்றிய பிறகே குறை தெரிய வந்த குடும்பங்கள் உண்டு.

செலவின் வரிசை

காற்றமுக்கமும் அலைன்மென்டும் முதலில். அவற்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். அடுத்தது டயர். புஷ்ஷும் மேல்முனை இறப்பரும் அதன் பின். காணாமற்போன உறைகளையும் தட்டுகளையும் இடையில் எப்போது கிடைத்தாலும் போட்டுவிடலாம்.

கதவுகளைக் கழற்றி, அலுமினியம் பூசிய பியூட்டைல் (ஒட்டும் தன்மையுள்ள செயற்கை இறப்பர்) தகடுகளை ஒட்டும் வேலை கடைசியாக வர வேண்டியது. நடைமுறையிலோ அதுதான் முதலில் செய்யப்படுகிறது, ஏனெனில் அதை விற்பதற்குக் கடை இருக்கிறது. அந்தத் தகடு மெல்லிய உலோகம் அதிர்வதைத் தணிக்கும், கதவை மூடும் ஓசை கனமாகும், வாங்கியவர் மகிழ்வார். ஆனால் நல்ல ஆடம்பரக் காரில் தேவையான இடங்களில் அது தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. சில்லிலிருந்து புஷ் வழியாக ஏறிவரும் முழக்கத்துக்கு, புஷ்ஷை விட்டுவிட்டுக் கதவில் மருந்து போடுவதால் பலன் சிறிது. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைத் தகடு மூடிவிட்டால், நமது மழையில் உள்ளிருந்து துரு பிடிக்கும் என்பது மேலதிகப் பரிசு.

எவ்வளவு செலவழித்தாலும் மாறாதவை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கார் விறைப்பாகவே ஓடினால், அது அப்படித்தான் தயாரிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட ஸ்போர்ட் ஸ்பிரிங்கை மாற்றலாம். ஆனால் ஷொக் அப்சோபரையும் சேர்த்து மாற்றாவிட்டால் இரண்டும் பொருந்தாமல் ஆட்டம் பிடிக்கும். 19 அங்குலத்திலிருந்து 17க்கு இறங்குவது நல்ல வழி என்றாலும், பெரிய பிரேக் பொருத்திய வகைகளில் சிறிய ரிம், பிரேக் தட்டைப் பற்றும் பாகமான கலிப்பரில் முட்டும். எனவே அதே மாதிரிக்கு நிறுவனம் அனுமதித்த மிகச் சிறிய அளவு எது என்று பார்த்தே இறங்க வேண்டும். பிளக்-இன் ஹைபிரிட் வகைகளில் பற்றரியின் எடையைத் தாங்கப் பின்புற ஸ்பிரிங் விறைப்பாக்கப்பட்டிருந்தால் அதற்கு மாற்றே இல்லை.

இவற்றைப் பணம் கொடுக்கும் முன்னரே அறிய ஒரு வழி இருக்கிறது. செசி இலக்கத்தைக் கொண்டு, தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட காருக்குப் பொருத்தப்பட்ட தெரிவுகளின் பட்டியலை எடுக்க முடியும். பி.எம்.டபிள்யூ பட்டியலில் 704 என்ற குறியீடு எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷனையும், 258 என்பது ரன்-ஃப்ளாட் டயரையும் குறிக்கும். பென்ஸிலும் அவுடியிலும் அவற்றுக்கு ஈடான குறியீடுகள் உண்டு. விற்பவர் அந்தப் பட்டியலைத் தரத் தயங்கினால், செசி இலக்கத்தை வாங்கி நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இலக்கத்தையே தர மறுப்பவரிடம் டயரைப் பற்றி மேலும் பேச வேண்டிய தேவை இல்லை.